ஓடக்கரைப் பூனை

டிசம்பர் 8, திங்கள்

அலுவலகத்தில் இருப்பது இரண்டே கேம் கன்ட்ரோலர். இரண்டிலும் லூர்துவின் முறுக்கு எண்ணெய். சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், பஞ்சு கறுப்பாக வந்தது. சீ. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தால், டிவியில் ஒரு சிப்பாய் இன்னொரு சிப்பாயின் கழுத்தில் கத்தியை இறக்கிக்கொண்டிருந்தான். ரத்தம் சேற்றில் கலப்பதை இந்த வருடம் தத்ரூபமாகச் செய்திருக்கிறார்களாம். லூர்து அந்த இடத்தை நிறுத்தி நிறுத்திக் காட்டினான்.

ஆண்டின் சிறந்த பத்து ஆட்டங்களைத் தேர்ந்தெடுக்கும் மாதம் வந்துவிட்டது. ‘பொத்தான்’ இணைய இதழில் நாங்கள் மூன்று பேர்தான். ஆசிரியர் ரியாஸ்தீன், சண்டை ஆட்டங்களுக்கு லூர்து, மிச்சம் எல்லாவற்றுக்கும் நான். பட்டியல் முப்பத்தோராம் தேதி வெளிவரும். “நம்மள நம்பித்தான் ஜனங்க டவுன்லோடு பண்றாங்க” என்று ரியாஸ் ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வார். சொல்லும்போது அவருக்குக் குரல் கனத்துவிடும். எனக்குக் கொட்டாவி வரும்.

இந்த வருடச் சரக்கு இதுதான்: போன வருட கால்பந்து, சட்டை மட்டும் புதிது. அப்பா செத்த துக்கத்தில் நாடு நாடாகப் போய் எல்லோரையும் வெட்டும் ஒரு தாடிக்காரன், வெட்டிவிட்டு ஒவ்வொரு முறையும் அழுவான். பிணங்கள் எழுந்து நடக்கும் ஆட்டம் நான்கு. மிட்டாய் உடைக்கும் ஆட்டம் எத்தனை என்று எண்ணவில்லை. இவற்றில் எது முதல், எது மூன்றாவது என்று நான் பத்தி பத்தியாக எழுத வேண்டும். 

எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்று. ஓடக்கரை. போனில் ஆடுவது. ஆற்றங்கரையில் நமக்கு ஒரு டீக்கடை. ஓடம் வரும், ஆட்கள் இறங்குவார்கள், டீ கொடுத்தால் தங்கள் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். கடைவாசலில் ஒரு பூனை. அவ்வளவுதான். ஆகஸ்டில் நான் எழுதிய விமர்சனத்தில் இப்படி இருக்கிறது: “நம்மை அவசரப்படுத்தாத ஆட்டம். எதுவும் கேட்காது, கோபித்துக்கொள்ளாது. ஒரு வாரம் கழித்து வந்தாலும் அடுப்பு எரிந்துகொண்டிருக்கும், பூனை வாசலில் உட்கார்ந்திருக்கும்.” நான் எழுதியதில் எனக்கே பிடித்தது மிகக் குறைவு. இது அதில் ஒன்று.

எல்லா நிறுவனங்களையும் போல ஓடக்கரைக்காரர்களும் விமர்சகருக்கென்று ஒரு கணக்கை அவர்களே திறந்து அனுப்பியிருந்தார்கள். அதில் பூனைக்கு ‘டெஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் மாற்றவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

இன்று அக்காவுக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி. உறையூரிலிருந்து ஆட்டோ, போகும்போது அக்கா பேசிக்கொண்டே வருவாள், திரும்பும்போது பேசமாட்டாள். மாமா குவைத்தில் இருக்கிறார், பொங்கலுக்கு வருவார். வந்து, “எல்லாம் சரியாயிடும் வடிவு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

நான் அந்த அறைக்குள் போவதில்லை. கதவுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு கேன்டீனில் லேப்டாப்போடு உட்கார்ந்துவிடுவேன். உள்ளே ஏசி குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளாது. கேன்டீன் மேஜையில் யாரோ சிந்திய சாம்பார் காய்ந்து தோலாகியிருந்தது. அதன் பக்கத்தில் வைத்துத்தான் தாடிக்காரனைப் பற்றி அறுநூறு வார்த்தை எழுதினேன்.

நாலு மணி நேரம் அவள் அங்கே இடது கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும். அதனால் போன மாதம் அவள் போனில் ஓடக்கரையைப் போட்டுக் கொடுத்தேன். ஒரு கட்டைவிரல் போதும், விளையாடலாம். தன் பூனைக்கு மிளகு என்று பெயர் வைத்திருக்கிறாள். கறுப்பாக இருக்கிறதாம். என்ன ஒரு கற்பனை.

“உள்ள எல்லாரும் உன்னைப் பாக்கணும்கறாங்கடி. ஒரு தடவ வந்துட்டுத்தான் போயேன்.”

“என்னை எதுக்குப் பாக்கணும்? வேலை கெடக்குக்கா.”

டிசம்பர் 10, புதன்

நாள் முழுக்கச் சுட்டேன். சேறு, ரத்தம், சேறு. கட்டைவிரல் வீங்கிவிட்டது. லூர்து கேட்கிறான், “மேடம், மூணாவது எடமாவது குடுக்கலாம்ல?”

டிசம்பர் 12, வெள்ளி

காலையில் முட்டைக்கோஸை வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிக்கொண்டிருந்தேன். அக்காவுக்கு எந்தக் காயையும் இப்படிச் சாரத்தை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். சாரம் போன முட்டைக்கோஸ் ஈரத்துணி வாடை அடிக்கும். அந்த நேரம் பார்த்து போனை நீட்டிக்கொண்டு வருகிறாள்.

“மங்க, உன் கடைக்கு ஓடம் சுளுவா வருது. எனக்கு ஏன் வரமாட்டேங்குது? ஒரு ஓடம் வந்துட்டுப் போனா அடுத்தது ஆறு மணி நேரம்கறான். நான் படுத்துக் கெடக்கறப்ப ஒரே ஒரு ஓடம்தான் வருது. அப்புறம் சும்மா ஆத்தையே பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“எதையாவது தப்பா அழுத்தியிருப்ப.”

“பூனை பசிக்குதுன்னு கத்திக்கிட்டே இருக்குடி.”

“சோறு போடு. அதுக்கு ஒரு பட்டன் இருக்கும், பாரு.”

அக்காவுக்கு வாட்ஸாப்பிலேயே ஒரு போட்டோ அனுப்பத் தெரியாது. பத்தாயிரம் பேர் வாசித்த விமர்சனத்தை எழுதியவளிடம் வந்து ஆட்டம் சரியில்லை என்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன்.

டிசம்பர் 14, ஞாயிறு

அக்காவுக்குக் காய்ச்சல். நடுக்கம் தூக்கிப் போட்டது. படுக்கையிலேயே வாந்தி. விரிப்பு, தலையணை உறை, என் நைட்டி எல்லாவற்றையும் ஊறவைத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். ஊசி போடும் இடத்தில் தொற்றாம். சேர்த்துக்கொண்டார்கள். டாக்டர் என்னைவிடச் சின்னவர், சூயிங்கம் மென்றுகொண்டே பேசுகிறார்.

எனக்குப் பயமெல்லாம் இல்லை. எரிச்சல்தான்.

டிசம்பர் 15, திங்கள்

அக்காவின் போன் என் கைப்பையில். அந்தப் பூனையின் நச்சரிப்பு தாங்காமல் அணைத்து வைத்தேன்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தது. விடியற்காலையில் தெருமுனை ஸ்பீக்கர் அலறுகிறது. சாமிக்கே காது வலிக்கும். அக்காவுக்கு இன்னும் காய்ச்சல்.

டிசம்பர் 18, வியாழன்

வீட்டுக்கு வந்துவிட்டாள். முகம் சுண்டிப் போயிருக்கிறது. ரசம் சோறு இரண்டு வாய், தண்ணீர் அளவு டம்ளரில் பாதி. பிறகு போனைக் கேட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் அழுதுகொண்டிருக்கிறாள். வலிக்கிறதோ என்று ஓடினேன். போனைக் காட்டினாள். கடைவாசலில் சின்னதாக ஒரு மண்மேடு, மேலே மல்லிகைப்பூ. கீழே எழுத்து: மிளகு கடைசிவரை உங்களுக்காகக் காத்திருந்தது.

“செத்துப்போச்சுடி.”

“அக்கா, அது படம். அது எங்க உயிரோட இருந்துச்சு, சாகறதுக்கு?”

“நீதான எழுதியிருந்த? ஒரு வாரம் கழிச்சு வந்தாலும் பூனை வாசல்ல உக்காந்திருக்கும்னு. அத நம்பித்தான் ஆஸ்பத்திரில போனைக் கேக்காம இருந்தேன். இல்லாட்டி நர்ஸுகிட்டயாவது சொல்லி சோறு போடச் சொல்லியிருப்பேன்.”

கத்திவிட்டேன். நான்கு நாள் பெஞ்சில் படுத்து எழுந்தவளிடம் ஒரு பொம்மைப் பூனைக்குத் துக்கம் விசாரிக்கச் சொன்னால் வேறு என்ன செய்வது? “இதுக்குப் போயி ஒப்பாரி வெக்கற, வெக்கமா இல்ல?” என்று கேட்டேன். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

என் கணக்கைத் திறந்து பார்த்தேன். டெஸ்ட் கொழுகொழுவென்று வெயில் காய்ந்துகொண்டிருந்தது. நான் அதைத் திறந்து இரண்டு மாதமாகிறது.

அக்கா போனில் ஏதோ கோளாறு.

டிசம்பர் 19, வெள்ளி

முதல் சுற்று வாக்கெடுப்பு. ரியாஸ் சமோசா வாங்கியிருந்தார். லூர்து அதைச் சாப்பிட்ட கையோடு கன்ட்ரோலரை எடுத்தான். பிடுங்கி வைத்தேன்.

ஓடக்கரைக்கு முதலிடம். வாசகர் வாக்கிலும் அதுதான் முதல். ரியாஸுக்கு ஒரே சந்தோஷம். “உங்க விமர்சனம்தான் மங்கை இத தூக்கி விட்டுச்சு. வாசகருங்க கீழ எழுதியிருக்கறதப் படிச்சீங்களா?”

படித்தேன். ஒரு பெண் எழுதியிருக்கிறாள்: “அருமையான விமர்சனம். எனக்குத்தான் இன்னும் சரியாக ஆட வரவில்லை. ஓடம் வர நேரமாகிறது, என் தவறுதான் என்று நினைக்கிறேன்.” இன்னொருவர்: “பூனையைக் காப்பாற்ற வழி சொல்லவும்.” அதே மாதிரி இன்னும் பல. ஆகஸ்டிலிருந்து அங்கேயே இருக்கின்றன. நான் பாராட்டுகளை மட்டும் வாசித்துவிட்டு நகர்ந்திருக்கிறேன் போல.

சமோசா எண்ணெய் நாள் முழுக்க எதுக்களித்துக்கொண்டே இருந்தது.

டிசம்பர் 20, சனி

அக்காவை உள்ளே விட்டுவிட்டு, கேன்டீனில் என் பழைய போனை எடுத்து, யாரோ ஒருத்தியைப் போல ஓடக்கரையைப் புதிதாக இறக்கினேன். என்னுடைய சொந்தப் பெயரில், ஒன்றுமில்லாத கணக்கு.

முதல் ஓடம் வந்தது. டீ கொடுத்தேன். கிழவர் ஒருவர் கதையைத் தொடங்கினார். பாதியில், “மீதியை அடுத்த ஓடத்தில் வந்து சொல்கிறேன்” என்று போய்விட்டார். அடுத்த ஓடம் ஆறு மணி நேரம் கழித்து. இப்போதே வேண்டுமா, காசு கொடுத்து ரத்தினக்கல் வாங்குங்கள். என் கணக்கில் அந்தக் கிழவர் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதைக் கேட்டு நான் கண் கலங்கி, அதையும் விமர்சனத்தில் எழுதியிருந்தேன்.

பூனைக்குப் பெயர் கேட்டது. ஒன்றும் வைக்கவில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

பல் துலக்கும்போது: “மங்கை, பசிக்கிறது.” காய் நறுக்கும்போது: “மங்கை, இன்னும் நீ வரவில்லை.” மாடியில் துணி காயப்போடும்போது: “மங்கை, என்னை மறந்துவிட்டாயா?” கூடவே ஒரு மியாவ். குழந்தைக் குரலையும் பூனைக் குரலையும் கலந்து செய்திருக்கிறார்கள். இதற்கென்று நான்கு பேர் உட்கார்ந்து, எந்தக் குரலுக்கு மனசு அதிகம் பதறுகிறது என்று சோதித்துப் பார்த்திருப்பார்கள். அவர்களுக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கும். நினைத்தாலே உடம்பு கூசுகிறது.

சோறு போடவில்லை. வேண்டுமென்றே போடவில்லை. என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

டிசம்பர் 22, திங்கள்

படுத்தேவிட்டது. கண்ணில் பீளை வரைந்திருக்கிறார்கள். “உடனே குணமாக்க” என்று ஒரு பொத்தான் துடிக்கிறது. பச்சை நிறம்.

டிசம்பர் 23, செவ்வாய்

செத்துப்போனது. பெயர் வைக்காததால், “உங்கள் பூனை கடைசிவரை உங்களுக்காகக் காத்திருந்தது” என்று வந்தது. மல்லிகைப்பூ எல்லோருக்கும் ஒன்றேதான்.

நிறுவனத்தில் எங்களோடு பேசுகிற பெண் நிகிதா. சென்னை, இனிமையான குரல். விமர்சகர் கணக்கில் ஏன் ஓடம் உடனே வருகிறது, ஏன் பூனை சாகவில்லை என்று கேட்டேன்.

“மேம், ரிவ்யூவர்ஸுக்கெல்லாம் டைம் இருக்காதில்லையா? அதான் வெயிட்டிங் எல்லாம் எடுத்துட்டு, பூனையையும் சாகாம வெச்சுத் தருவோம். எல்லா கம்பெனியும் பண்றதுதானே? உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்.”

எனக்குத் தெரியும். இதுதான் வழக்கம் என்று தெரியும். சண்டை ஆட்டத்துக்குத் துப்பாக்கி திறந்து வரும், பந்தய ஆட்டத்துக்குக் கார் திறந்து வரும். ஒருநாளும் அதைப் பற்றி யோசித்ததில்லை. ஓட்டல்காரன் எனக்கென்று தனியாகச் சமைத்துக் கொடுத்ததைத் தின்றுவிட்டு, ஊருக்கெல்லாம் அங்கே போய்ச் சாப்பிடச் சொல்லியிருக்கிறேன்.

நிகிதா கேட்டாள், “மேம், நம்ம கேம்தானே ஃபர்ஸ்ட்? சும்மா ஒரு ஹின்ட் குடுங்களேன்.” போனை வைத்துவிட்டேன்.

டிசம்பர் 24, புதன்

ரியாஸிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சங்கடம் வந்தால் அதைத்தான் செய்வார்.

“நமக்கு என்ன வந்துச்சோ அதத்தான மங்கை நாம பாத்தோம்?”

“வாசகருக்கு வந்தது வேற ஆட்டம் ரியாஸ். நான் எழுதின ஆட்டம் அவங்க யார்கிட்டயும் இல்ல.”

லூர்து மெதுவாகச் சொன்னான், “என் சண்டை ஆட்டத்துலயும் எல்லாத் துப்பாக்கியும் தெறந்துதான் மேடம் வந்துச்சு. நான் அத என் தெறமைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்.” 

விமர்சனத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று நான் எழுதினால் என்னை இனி யார் நம்புவார்கள் என்று ரியாஸ் கேட்டார். என்னை மட்டும் இல்லை, பொத்தானையே. கோபமாகக் கேட்கவில்லை. பிறகு அவரே ஒரு வழி சொன்னார்.

“சத்தமில்லாம ஏழாவது எடத்துல போட்டுருவோம். முதலிடம் ஏன் இல்லன்னு ரெண்டு பேர் கேப்பான், அப்புறம் மறந்துருவான். ஏழாவது எடத்துக்காக இதுவரைக்கும் யாரும் சண்டை போட்டதில்ல.”

சரி என்றேன். நியாயமாகத்தான் பட்டது.

டிசம்பர் 25, வியாழன்

கேன்டீனில் கிறிஸ்துமஸ் ஸ்டார் தொங்கியது. இலவசமாகக் கேக் கொடுத்தார்கள், வனஸ்பதி வாடை. ஏழாவது இடத்துக்கான பத்தியை எழுதி முடித்தேன். “சில குறைகள் இருந்தாலும் மனதை வருடும் அனுபவம்.” நன்றாகத்தான் வந்திருக்கிறது. ‘சில குறைகள்’ என்ற இரண்டு சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது.

மனதை வருடும். தூ.

டிசம்பர் 27, சனி

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சொல்ல வேண்டும் என்று நினைத்துச் சொல்லவில்லை. காலையில் கிளம்புவதற்கு முன் அவள் போனை எடுத்துப் பார்த்துவிட்டு, “புதுசா ஒரு பூனை எடுத்துக்கச் சொல்றான். நான் வேணாம்னுட்டேன். எனக்கு வளக்கத் துப்பில்ல” என்றாள். அந்தக் கடைசி வாக்கியம் என்னை ஒரு மாதிரி ஆக்கிவிட்டது.

“அக்கா, உன் தப்பு இல்ல. எனக்குக் குடுத்தது வேற. அதுல காத்திருக்கவே வேண்டாம்.”

“உன் கடைக்கு ஓடம் உடனே உடனே வருமா?”

“வரும்.”

“பூனை?”

“சாகாது.”

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் உட்கார்ந்து ஊசி போடும் கையைத் தடவினாள்.

“நாலு நாள் நான் படுத்துட்டதாலதான் செத்துச்சுன்னு நெனச்சேன்டி. எனக்கு ஒண்ணுன்னா யாரெல்லாம் இப்படி வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருப்பாங்கன்னு யோசிச்சுக்கிட்டே கெடந்தேன்.” பிறகு நிமிர்ந்து, “ஒரு வாரமா உனக்குத் தெரியுமா?”

“நாலு நாளா உறுதியாத் தெரியும்.”

“நீ எழுதினத நான் அந்த ரூம்ல எல்லாருக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டினேன். என் தங்கச்சி எழுதினதுன்னு. எல்லாரும் அத போட்டு வெச்சிருக்காங்க. பக்கத்து பெட்டு செபாஸ்டியன் சார், அந்தக் காலேஜுப் பொண்ணு, எல்லாரும். காய்ச்சல்னு நாலு நாள் வராம இருந்தா அவங்க பூனையும் சாகும். அவங்களும் என்னைய மாதிரிதான் நெனச்சுக்குவாங்க. நீ வந்து சொல்லு.”

“நீயே சொல்லிடேன்க்கா. எனக்கு உள்ள ஏசி ஒத்துக்காது.”

அக்கா என்னைப் பார்த்த பார்வைக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆட்டோவில் ஒரு வார்த்தை பேசவில்லை. போகும்போதுகூட.

டிசம்பர் 28, ஞாயிறு

ஏழாவது பத்தியை ரியாஸுக்கு அனுப்பிவிட்டேன். ‘சூப்பர்’ என்று பதில் வந்தது, கூடவே கைதட்டும் படம்.

டிசம்பர் 29, திங்கள்

அக்கா பேசவில்லை. தண்ணீரைத் தானே அளந்து குடிக்கிறாள். ரசத்தில் உப்பு இல்லை. எப்போதும் இருப்பதில்லைதான், இன்றைக்கு விழுங்க முடியவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

இன்று உள்ளே போனேன்.

கதவுவரை வந்து அக்கா திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். நான் கேன்டீன் பக்கம் பாதிதூரம் போய்விட்டுத் திரும்பினேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். ஏசி குளிர் அப்படியொன்றும் இல்லை. வரிசையாக நாற்காலிக் கட்டில்கள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர மிஷின், அதில் சிவப்பாகக் குழாய் சுற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் முழுக்க ரத்தத்துக்கு மதிப்பெண் போட்டவள் நான். அக்காவின் கையிலிருந்து புறப்பட்ட குழாயைப் பார்த்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். குழாயில் ஓடும் ரத்தம் வெதுவெதுப்பாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. குழாய் என் விரலில் பட்டது.

“இதான் என் தங்கச்சி மங்கை” என்றாள் அக்கா, எல்லோருக்கும் கேட்கும்படி. “அவ ஒண்ணு சொல்லணுமாம்.”

எல்லா முகமும் திரும்பியது. சிரித்தார்கள். அந்தக் காலேஜுப் பெண் கையை ஆட்டி, “அக்கா, நீங்க எழுதினது சூப்பர்க்கா” என்றாள். 

சொன்னேன். எனக்குக் கொடுத்த ஆட்டமும் உங்களிடம் இருக்கிற ஆட்டமும் ஒன்றில்லை என்று. உங்கள் பூனை செத்தால் அது உங்கள் தவறில்லை, சாகும்படிதான் செய்திருக்கிறார்கள் என்று. வராவிட்டால் நாம் பதற வேண்டும், பதறினால் வாங்குவோம், அதற்குத்தான் அந்தக் குரல் என்று. கோர்வையாக வரவில்லை. எழுத்தில் நான் இவ்வளவு மோசமில்லை.

ஒரு அம்மா கேட்டார், “அப்ப நீங்க எழுதினது பொய்யா?”

“பொய்தாங்க. எனக்குத் தெரியாம எழுதினேன். தெரிஞ்சப்புறமும் சும்மா இருந்தேன்.”

“பேப்பர்லயும் அப்படிப் போடுவீங்களா?”

அப்போதுதான் நாளைக்குப் பட்டியல் வருகிறது என்பது நினைவுக்கு வந்தது. அங்கேயே நின்று ரியாஸைக் கூப்பிட்டேன். ஏழாவது பத்தியை எடுத்துவிடுங்கள், ஓடக்கரை எந்த இடத்திலும் வேண்டாம், பட்டியலுக்கு மேலே நான் எழுதித் தருவதைப் போடுங்கள் என்றேன். என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார். “ஆகஸ்டுல நான் எழுதினது பொய். இந்த ஆட்டத்த நான் ஆடவே இல்ல. இந்தப் பட்டியல்ல இருக்கற எதையும் நான் உங்கள மாதிரி ஆடிப் பாக்கல.” அந்தப் பக்கம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்திருப்பார். பிறகு, “கடைசி வரியில ‘நான்’ வேணாம், ‘நாங்க’ன்னு போடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த அம்மா போனை நீட்டி, “இத எடுத்து விட்டுரும்மா, எனக்கு எடுக்கத் தெரியாது” என்றார். ஊசி ஏறிய கையை அசைக்க முடியாது, எனவே கட்டில் கட்டிலாக நானே போய் அழித்தேன். ஒவ்வொரு முறையும் அது கேட்டது: உறுதியாகவா? பூனை உங்களைத் தேடும். உறுதியாக, உறுதியாக என்று அழுத்திக்கொண்டே போனேன். கழிவறையை பிரஷ் போட்டுத் தேய்க்கும்போது வருகிற மாதிரி ஒரு வெறி. காலேஜுப் பெண் மட்டும் ஒரு நொடி யோசித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு, “அழுத்துங்கக்கா” என்றாள்.

கடைசியாக, அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில். செபாஸ்டியன் சாருடையது. ரயில்வேயில் கார்டாக இருந்தவராம். வலது கையில் ஊசி, இடது கையில் போனை நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தார்.

“குடுங்க சார், எடுத்துடறேன்.”

“வேணாம்மா.”

“சார், இது உங்களைப் பயமுறுத்திப் பிடுங்கறதுக்குன்னே செஞ்சது. நாளைக்கு உங்களால முடியலன்னா...”

“நீ சொன்னது வெளங்குச்சும்மா. நீ வரதுக்கு முன்னாடியே எனக்கும் கொஞ்சம் வெளங்கித்தான் இருந்துச்சு.” போனைத் திருப்பிக் காட்டினார். வெள்ளைப் பூனை, நல்ல கொழுப்பு. ஒரு மாதத்துக்கு மேலாக ஒரு வேளை தப்பாமல் போட்டிருக்கிறார். “என் பூனை இன்னும் சாகலியேம்மா. உயிரோட இருக்கறத எப்படி எடுக்கச் சொல்றது?”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டேன்.  அந்த நிறுவனத்துக்காரன் மேல் எனக்கு இருந்த வெறுப்பை எடுத்து இவர் முன்னால் வைக்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து அது கத்தியது. “செபாஸ்டியன், பசிக்கிறது.”

அவர் கட்டைவிரலை நீட்டினார். விரல் பொத்தானைத் தவறவிட்டுப் பக்கத்தில் எங்கெங்கோ பட்டது. மிஷின் ஓடி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது, எல்லோருக்கும் அப்போது சோர்வு வரும் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

“நீ கொஞ்சம் போட்டு விடும்மா.”

உலகத்தில் நான் மிகவும் வெறுக்கிற பொத்தான் அது. அழுத்தினேன். கிண்ணம் நிறைந்தது, பூனை குனிந்தது.

“சாப்புடுதா?” கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

“சாப்புடுது சார்.”